வெண்ணெயைத் தேடி ஊத்துக்குளிக்கு

இன்று 2007 ஜூலை 15. எனக்கு எழுபத்தொரு வயது, நான்கு மாதம், ஆறு நாள். நேற்றைய பயணத்துக்குக் காரணம் என் தங்கை மகள் பூங்கோதை. திருப்பூரில் நெஞ்சக மருத்துவர். பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் ஐந்தாண்டுப் பரிசோதனைப் பதிவுகளைக் கணினியில் ஏற்றித் தரவு அகழ்வு செய்திருந்தாள். ஒரே கம்பெனியில் தைத்தாலும் ஊத்துக்குளியிலிருந்து வருபவர்களுக்கு மூச்சிரைப்பு வெகு குறைவு என்றது கணினி. ஊத்துக்குளி என்றால் வெண்ணெய்; ஆகவே வெண்ணெயே காரணம் என்று கட்டுரையும் எழுதிவிட்டாள். திங்களன்று அனுப்பவேண்டும். நான் புள்ளியியல் கற்பித்தவள் என்பதால் ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னாள். கட்டுரையை மூடிவைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

திருப்பூரிலிருந்து பதினாறு கிலோமீட்டர், காலை 6.40க்கு ஏறி 7.25க்கு இறங்கினேன். கட்டணம் ஆறு ரூபாய். ரயில் நிலையத்தில் நல்ல காபி கிடைத்தது, நான்கு ரூபாய். தினமும்போல் தாமதமாக 8.10க்கு வந்த பாசஞ்சர் ரயிலில் தொழிலாளர்களோடு திரும்பினேன். பக்கத்தில் சரஸ்வதி என்ற தையல்காரப் பெண். வீட்டில் எவ்வளவு வெண்ணெய் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.

"அது விக்கறதுக்குங்கம்மா. நாங்க தின்னுட்டா டவுன்காரங்க எதைத் தின்பாங்க?"

பெட்டியே சிரித்தது. நானும்தான். வெண்ணெய் அங்கேயே உருகிவிட்டது.

அவளோடே கம்பெனிக்குள் சென்றேன். மணி 8.55. வேலை தொடங்குவது 8.30க்கு. ஒரு வடநாட்டுத் தொழிலாளி காற்றுக்குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். உள்ளூர்ப் பெண்கள் முகத்திலிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தனர். இயந்திரங்களில் படிந்த பஞ்சைத் தினமும் முதல் கால்மணி நேரம் காற்றடித்து ஊதுவார்களாம்.

"நாங்க வாரதுக்குள்ள முடிஞ்சுருமுங்க. லேட்டுன்னு சூப்பர்வைசர்கிட்டப் பேச்சு வாங்கறது மட்டுந்தான் எங்க பங்கு," என்றாள் சரஸ்வதி.

ரயிலின் தாமதமே மருந்து! போய்ச் சொன்னதும் பூங்கோதை முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "தலைப்பே வெண்ணெய்னு வெச்சுட்டனேங்க, பெரியம்மா." பிறகு சிரித்தாள், அழித்தாள். இதுவும் ஊகமே, சோதித்தால்தான் உண்மை என்றேன். ஒரு மாதத்துக்கு, தினமும் வேலை முடிந்து ஆட்கள் போனபின் காற்றடிக்கக் கம்பெனி முதலாளி சம்மதித்துவிட்டார். கட்டுரை திங்களன்று போகாது. மதியம் இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

செல்பவர்களுக்கு: ரயிலை நம்பி நேரம் குறிக்காதீர்கள். கம்பெனிக்குள் நுழைய முன்னனுமதி வேண்டும். கறுப்புச் சேலை வேண்டாம்.

நீங்கள் இதுபோல் தவறியதுண்டா என்று பூங்கோதை கேட்டாள். இல்லை என்றேன். பொய். கிணற்று நீர் குடிக்கும் குழந்தைகள் உயரமாக வளர்கிறார்கள் என்று நிறுவித்தான் 1964இல் முனைவர் பட்டம் பெற்றேன். அந்தக் குழந்தைகளின் வீடுகள் கிணறு வெட்ட வசதியிருந்தவை. பிள்ளைகளுக்குச் சோறும் இருந்தது. மறு ஆண்டே எனக்கு இது தெரிந்துவிட்டது. எவரிடமும் சொல்லவில்லை.