தையல் வலிக்குது என்றேன்

என் முதல் பிள்ளையை நான் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இரண்டாவது பிரசவத்துக்காக நான் ஏன் அத்தனை ஆஸ்பத்திரிப் படி ஏறினேன், ஏன் கண்டவர்களோடெல்லாம் வாய்ச்சண்டை போட்டேன் என்பது ஒருவருக்கும் விளங்காது.

முதல் பிரசவம் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில். பிள்ளையின் துடிப்பு இறங்குகிறது என்று அவசரமாக மயக்கம் கொடுத்து வயிற்றைக் கீறினார்கள். நான் கண் விழித்தபோது பிள்ளை அங்கே இல்லை. பெண் பிள்ளை, மூச்சுத் திணறல், திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், பிள்ளையின் அப்பா கூடப் போயிருக்கிறார் என்றார்கள். பெண் பிள்ளை என்பதையே அப்படித்தான் தெரிந்துகொண்டேன். நானும் போகிறேன் என்று எழுந்தேன். காலை ஊன்றியதும் கட்டில் சுற்றியது. "தையல் உணங்கட்டே மோளே, என்னிட்டு போகாம்" என்று நர்ஸ் என்னைப் பிடித்துப் படுக்கவைத்தாள். தையல் ஆறுவதற்குள் பிள்ளை போய்விட்டாள். நான் வீட்டுக்கு வருவதற்குள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமும் முடிந்துவிட்டது. பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்களாம். பெரியவர்களுக்கு எதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் அவளை உயிரோடு கண்டவர் என் கணவர் மட்டும்தான். கேரள எல்லையோரம் எங்கள் குன்னத்துகால் சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். ஏற்கெனவே பேச்சுக் குறைவு. திருவனந்தபுரத்திலிருந்து திரும்பிய பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மனுஷன் உடைந்துவிடுவாரோ என்று பயம்.

மறுபடியும் உண்டானபோது எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. இந்தத் தடவை கீறாமல் பெற வேண்டும். பிள்ளையை யார் எங்கே தூக்கிக்கொண்டு ஓடினாலும் எழுந்து பின்னாலேயே ஓட எனக்குக் கால் வேண்டும். இதைச் சொன்னால் யாருக்குப் புரிகிறது? கத்திக்குப் பயந்துதான் நான் அடம்பிடிக்கிறேன் என்று நினைத்தார்கள்.

"என்ன மக்களே, நோவு தின்னணும்னு அப்பிடி ஒரு ஆசையா உனக்கு?" என்றார் மாமியார். "கீறி எடுத்தா ஒரு மணிக்கூறுல காரியம் கழிஞ்சு."

"நீங்க பெத்ததெல்லாம் கீறியா அம்மா?"

"அது அந்தக் காலம் ஆக்கும். எனக்கிட்ட தர்க்கம் பேசாத, கேட்டியா."

பாறசாலைப் பக்கம் ஒரு டாக்டர் என் பழைய காகிதங்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு சிசேரியன் கழிஞ்ஞதல்லே, இனி ரிஸ்க் எடுக்கான் பற்றில்ல" என்று கையை விரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். உதியன்குளங்கரையில் இன்னொருவர், நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன் என்று அறிந்ததும், "டீச்சர் யூடியூப் கண்டிட்டு வந்நதாணோ?" என்று சிரித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். வெளியே பஸ்ஸுக்கு நின்றபோதுதான் நல்ல பதில் ஒன்று நாக்கில் வந்தது. என்ன பிரயோசனம்?

ஒரே ஒரு வயதான டாக்டரம்மா மட்டும் உட்காரவைத்துப் பேசினார். மயக்கம் கொடுக்கிற டாக்டர் அங்கே முழுநேரமும் இல்லை, ரத்தமும் தயாராக இல்லை, அப்படிப்பட்ட இடத்தில் செய்கிறேன் என்று சொன்னால் அது கள்ளம் என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்து, வேறு இடம் தேடு, கிடைக்காமல் போகாது என்றும் சொன்னார். அந்த மறுப்பு எனக்கு வருத்தமாக இல்லை. மனுஷியிடம் மனுஷி பேசியது போல இருந்தது.

கடைசியில் வழி காட்டியது என்னோடு வேலை பார்க்கும் பனச்சமூட்டு டீச்சர். அவருடைய தங்கை முதலில் கீறி, இரண்டாவதைக் கீறாமல் பெற்றவள். ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். டாக்டர் தஞ்சாவூர்க்காரர், கல்யாணமாகி எங்கள் பக்கம் வந்தவர். போனேன். என் காகிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் கீறல் குறுக்காகத்தான் போட்டிருக்கிறார்கள், நல்ல இடைவெளியும் விட்டிருக்கிறீர்கள், முயற்சி செய்யலாம் என்றார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு, "அது சரி, உங்களுக்கு ஏன் நார்மல் வேணும்?" என்று கேட்டார். அதுவரை ஒரு டாக்டரும் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் தண்ணீர் தந்தார்.

"மிஷின் ஒரு பக்கம் சொல்லும். அதுக்கும் முன்னாடி உங்க உடம்பு சொல்லும்" என்றார். "நான் உங்க வார்த்தையை நம்புவேன். ஆனா பழைய தையல்ல வலி வந்தா ஒளிக்கக் கூடாது. அப்படிச் சொன்னீங்கன்னா நான் ரெண்டாவது யோசனையே பண்ண மாட்டேன், நேரா தியேட்டர்தான். சம்மதமா?"

சம்மதம் என்றேன். பனச்சமூட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அக்கா, பாவம், வீட்டில் ஏதோ சாவு, துஷ்டி என்று நினைத்து என் தோளில் கை வைத்தார். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நோவு ஒரு காலைப்பொழுதில் வந்தது. பள்ளி விடுமுறை, வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கணவர் கூட்டுக்காரர் ஒருவரின் காரை வாங்கி வந்தார். ஆஸ்பத்திரியில் எல்லாம் சொல்லிவைத்தது போல நடந்தது. ரத்தம் எடுத்துவைத்திருந்தார்கள், மயக்க டாக்டர் மாடியிலேயே இருந்தார். என்னை நடக்கவிட்டார்கள், நினைத்தபடி உட்காரவிட்டார்கள், பிறகு வயிற்றில் பட்டை கட்டிப் பிள்ளையின் துடிப்பைப் பார்த்தார்கள். உச்சிக்கு மேல் டாக்டர் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா போகுதும்மா. சாயங்காலத்துக்குள்ள கையில குடுத்துடலாம்" என்றார். அந்த நிமிடம் நான் எப்படி இருந்தேன் தெரியுமா! நோவு தின்றுகொண்டு சிரித்தேன்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வலிப்பது என்றால் இழுப்பது. கிணற்றுக் கயிற்றை வலிப்போம். பீடியை வலிப்பார்கள். மலையாளத்திலும் அப்படியே, கண்ணாடிக் கதவில் 'வலிக்குக' என்று எழுதியிருந்தால் இழுத்துத் திற என்று அர்த்தம். உடம்பில் வருவது நோவு, கூடிப்போனால் வேதனை. தமிழ்ப் புத்தகத்தில் வலி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? அதைப் படிப்பித்துத்தானே சம்பளம் வாங்குகிறேன். டாக்டர் வலி என்று சொன்னபோதெல்லாம் சரியாகத்தான் புரிந்துகொண்டேன். என் காதுக்கு அவருடைய தமிழ் தெரியும். ஆனால் பிரசவக் கட்டிலில் கிடக்கிறவளுக்கு வாயில் வருவது அவள் பேசி வளர்ந்த பேச்சுதானே.

வயிறு முழுக்க இறுகியிருந்ததில் பழைய தையல் தோலைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. நோவில்லை. சின்னதாகத் தைத்த சட்டையைப் போட்டால் அக்குளில் பிடிக்குமே, அந்த மாதிரி. நான் ஒருக்களித்துப் புரண்டதில் பட்டை நழுவி, மிஷின் சத்தம் நின்றுவிட்டது. டாக்டர் உள்ளே வந்தார்.

"தையல் எப்படி இருக்கு?"

"வலிக்குது" என்றேன்.

அவர் முகம் மாறியது. "வலிக்குதா? தையல்லயா?"

"ஆமா, தையலுதான். விடாம வலிக்குது."

அடிவயிற்றில் கை வைத்து அமுக்கினார். நர்ஸைப் பார்த்துத் தியேட்டரைத் திறக்கச் சொன்னார். அவள் ஓடினாள். ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டார் என்று மட்டும் தெரிந்தது. எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நோவு இல்ல டாக்டர், நோவு கொஞ்சங்கூட இல்ல, வலிக்குது, அவ்வளவுதான்!" என்று கத்தினேன்.

நான் சொன்னது, வேதனை ஒன்றும் இல்லை, சும்மா இழுக்கிறது என்று. அவர் காதில் விழுந்தது, பிரசவ நோவு நின்றுவிட்டது, தையலில் வலி மட்டும் இருக்கிறது என்று. பழைய தையல் உள்ளே பிரிந்துபோனால் வரும் அடையாளங்கள் அவை. ஒன்றைச் சொன்னாலே தியேட்டர் என்றவரிடம் இரண்டையும் நானே சொல்லிக்கொடுத்தேன். அதற்குமேல் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் அடுத்த நோவு வந்து வாயை அடைத்தது. சக்கரக் கட்டில், மேலே விளக்கு, மூக்கில் வந்து உட்கார்ந்த முகமூடி. கர்த்தாவே, மறுபடியுமா என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. நான் போட்ட கூச்சலில் மாமியார் ஓடிவந்தார். "ஏ மக்கா, கிடந்து கத்தாத. ஆம்பிளப் பிள்ள. நல்ல சொகமா இருக்கு. சூடு காட்ட அந்தப் பக்கத்து முறியில வச்சிருக்காவ." நான் நம்பவில்லை. எழுந்தேன். நிற்க முடியவில்லை. வயிற்றில் தையல். பக்கத்து அறைதான், சுவருக்கு அந்தப் பக்கம்தான், இருந்தும் என்னால் போக முடியவில்லை. அவனைக் கொண்டுவந்து என் நெஞ்சில் போடும்வரை நான் வாயை மூடவில்லை. அந்த வார்டில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். முகம் தெளிவாக இல்லை.

"உள்ளே தையல் நல்லாத்தான் இருந்துச்சும்மா. எங்கயும் பிரியல. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. நீங்க அவ்வளவு வலிக்குதுன்னு சொன்னீங்களே?"

"இழுக்குதுன்னாக்கும் நான் சொன்னது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் வலிக்குது என்றால் என்ன, நோவு என்றால் என்ன என்று சொன்னேன். வகுப்பில் பொருள் சொல்வது போலச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இழுக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு தானே, "இல்ல, நான் இன்னொரு தரம் கேட்டிருக்கணும்" என்றார். ரெண்டு தடவை கீறியாகிவிட்டது, இனி ஒரு பிள்ளை என்றால் நார்மலுக்கு முயற்சி பண்ண மாட்டேன் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். மறைக்கிற ஆள் இல்லை அவர்.

அவர் போன பிறகு எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். அவர்மேல் ஆத்திரப்பட முடியுமா? எத்தனையோ டாக்டர்களில் என் வார்த்தையை நம்புகிறேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். நம்பினார். நம்பியதால்தான் கீறினார். அந்த வார்த்தையை நம்பாமல் ஒரு நிமிடம் அலட்சியமாக நின்றிருந்தால் நான் நினைத்தபடி பெற்றிருப்பேன். பார்க்க வந்தவர்களெல்லாம் பிள்ளை நன்றாக இருக்கிறானே, பின்னே என்ன விசாரம் என்று கேட்டார்கள். நன்றாகத்தான் இருந்தான். அவனுக்காக நான் அழவில்லை. போன தடவை போக முடியாத இடத்துக்கு இந்தத் தடவையாவது நடந்து போய்விடலாம் என்று உள்ளே எங்கேயோ நினைத்திருக்கிறேன். அவளிடம்தான் போக நினைத்திருக்கிறேன். எப்படிப்பட்ட முட்டாள்தனம்! எப்படிப் பெற்றாலும் அவளிடம் போயிருக்க முடியாது.

மாமியார் சாயா வாங்கப் போனார். கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து பையனை மடியில் வைத்திருந்தார். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இன்னொரு முகம் தெரியாது.

"அவ எப்பிடி இருந்தா?" என்றேன்.

யார் என்று அவர் கேட்கவில்லை. பையனின் துணியைச் சரிசெய்தார். வெகுநேரம் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"உனக்க நிறம்" என்றார். "தலை நிறைய முடி. மூக்கு ஆருக்கதுன்னு தெரியல்ல, குழாய் வச்சிருந்தாவ."

"அழுதாளா?"

"இல்ல. அந்தக் கண்ணாடிப் பெட்டியில கை விடதுக்கு ஒரு ஓட்டை உண்டு. விடச் சொன்னாவ. விட்டேன். எனக்க விரல பிடிச்சா. நல்ல பிடி ஆக்கும். கடைசிவரைக்கும் விடல்ல."

"பிறகு?"

"பிறகு நானாக்கும் விரல எடுத்தது."