வெர்னியர் எடுக்க மறந்த டீச்சர்

நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பெரம்பலூர் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தேன்.

ஒரே அளவு பீங்கான் உருண்டைகளைத் தெர்மாகோலில் சம இடைவெளியில் வரிசையாகப் பதித்து, அவற்றின் ஊடே மைக்ரோவேவ் அலையை அனுப்ப வேண்டும். குறிப்பிட்ட அலைநீளம் வந்தால் எல்லா வரிசையும் சேர்ந்து அலையைத் திருப்பி விரட்டிவிடும். அந்தப் பக்கம் அலையை வாங்கும் ரிசீவரின் மீட்டர் முள் படுத்துவிடும். ஓப்பல் கல்லில் ஒளி நிறம் காட்டுவதும் இப்படித்தான். உருண்டைகளை ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை செய்யும் சொந்தக்காரர் கொடுத்தார். சிமெண்ட் அரைக்கும் மில்லில் ஓடியபின் கழித்துப் போட்டவை.

ஒரு வாரம் முட்டி மோதியும் முள் அசைந்து கொடுக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்! சோதனை தொடங்கிய அன்று ரிசீவரைத் துடைத்தது எங்கள் லேப் உதவியாளர் அக்கா. கீழே போட்டு உடைத்திருப்பார் என்று நானே முடிவு கட்டி, துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். அக்காவுடையது தற்காலிக வேலை. அடுத்த மாதம் நீட்டிப்பு கிடைக்காது என்று பேச்சு அடிபட்டது.

மறுநாள் மதியம் லேபுக்குள் போனால், அந்த அக்கா சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் உருண்டைகளைக் கூறு கூறாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரரும் மில்லுலதாங்க மேடம் இருக்காரு. ஓட ஓட குண்டு தேஞ்சுபோயிடும்னு சொல்வாரு. இதுல ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லீங்க."

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே வெர்னியர் பிடிக்கக் கற்றுத் தருபவள் நான். ஒரு உருண்டையைக்கூட அளந்து பார்க்கவில்லை! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒரே அளவில் இருந்தவற்றை மட்டும் பொறுக்கி அடுக்கினோம். முள் சரசரவென்று இறங்கியது. அந்த அக்காதான் முதலில் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்க மேடம்? சார்கிட்ட சொன்னத சார்கிட்டயே மாத்திச் சொல்லிடுங்க, போதும்."

அப்படியே எழுந்துபோய்ச் சொன்னேன். வேலை தப்பியது. அவர் இன்றும் எங்கள் லேபில்தான் இருக்கிறார். இப்போதும் யார் மேலாவது பழி சொல்ல நாக்கு துடித்தால், என் பக்கத்தை அளந்துவிட்டேனா என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். பாதி நேரம் அளந்திருக்க மாட்டேன்.