சம்பந்தியம்மா தூங்கிய மத்தியானம்

எங்கள் வீட்டின் தளத்தை அப்பாவே போட்டார். அவர் பலகை அடித்துக் கான்கிரீட் தளம் போடும் சென்ட்ரிங் வேலை செய்பவர். திருச்சி கே.கே. நகரில் பாதிப் பேருடைய தலைக்கு மேல் தன் கை இருக்கிறது என்று சொல்லிக்கொள்வார். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் போகும் வழியில் இருக்கிறது. முன்னறை, படுக்கையறை, சமையலறை, மேலே மொட்டைமாடி, அவ்வளவுதான். கான்கிரீட் வரைக்கும் கொண்டுவந்த அப்பாவால் அதன் மேல் சூட்டைத் தடுக்கும் தட்டோடு பதிக்க முடியவில்லை. "அடுத்த வருஷம் பதிச்சிடலாம்" என்றார். அப்போது நான் எட்டாம் வகுப்பு. இப்போது நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. தட்டோடு இன்னும் வரவில்லை.

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் முன்னறைக்கும் மொட்டைமாடிக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: முன்னறையில் ஃபேன் இருக்கும். அது கூரையின் சூட்டை அள்ளி எங்கள் மேல் கொட்டும். இதை அப்பா காதுபடச் சொல்லக் கூடாது. வெக்கையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் போட்ட தளத்தைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்வார்.

"தளம் என்னடி பண்ணும்? வெயில் அடிக்குது, சுடுது" என்பார், துண்டால் முதுகைத் துடைத்தபடி.

அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவள். பத்தாவதோடு நின்று, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையை எப்போதும் தூக்கிக்கொண்டு அலைவேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த வாசலுக்கு என்னைப் பஸ் ஏற்றி அனுப்பியது அவளுடைய சம்பளம்.

அவளைத் தென்னூரில் கொடுத்திருக்கிறோம். நல்ல இடம். மாப்பிள்ளை அமைதியானவர். படுக்கையறையில் ஏசி உண்டு. கல்யாணமாகி இரண்டாம் வருடம் உண்டானாள். மாசிக் கடைசியில் ஒருநாள் எங்களைப் பார்க்க வந்தவள், முன்னறையில் நின்று பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சு பாதியில் நின்றது. சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து, கழுத்தெல்லாம் வியர்வை. தண்ணீர் தெளித்து, மோர் கொடுத்ததும் தெளிந்துவிட்டாள். ஆனால் செய்தி தென்னூருக்குப் போய்விட்டது.

பங்குனியில் வளைகாப்பு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைக் கையோடு தாய் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். பிள்ளையைச் சுற்றுவதற்காக அவள் உண்டான நாளிலிருந்தே அம்மா பழைய வேட்டிகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அன்று பந்தி முடிந்து வெற்றிலை எடுத்துக் கொடுக்கும்போது அக்காவின் மாமியார் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. அன்னிக்கு ஒரு மணி நேரத்துக்கே மயங்கிட்டா. இனிமேதான் கத்திரி. பச்ச உடம்போட அந்த வீட்டுல எப்படி இருப்பா? இங்கயே பாத்துக்கலாம். நீங்க வேணும்போது வந்து பாத்துட்டுப் போங்க."

அம்மா "சரிங்க" என்றாள். கையில் இருந்த வெற்றிலையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு மாசம் டைம் குடுங்க அத்தை. வீட்டைக் குளுகுளுன்னு ஆக்கிக் காட்டுறேன்."

"ஏசி வாங்கப் போறியாம்மா?"

"இல்ல அத்தை. ஏசி இல்லாமலே."

அவர் குரலில் கேலி இல்லை. "நீ படிச்ச பொண்ணு. சொன்னா செய்வ. ஆனா நான் காலையில வந்து பாக்க மாட்டேன், மத்தியானம் வந்துதான் பாப்பேன்" என்றார்.

மாப்பிள்ளை அன்றே அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தானே ஒரு ஏசி வாங்கித் தருவதாகச் சொன்னார். பெண் கொடுத்த வீட்டில் கை நீட்டுவதா என்று அப்பா மறுத்துவிட்டார். எனக்கு வேறு காரணம் இருந்தது. வீட்டு மீட்டர் அட்டையைச் சின்ன வயதிலிருந்தே நான்தான் படித்துச் சொல்கிறேன். எங்கள் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. ஐந்நூறு யூனிட் என்று ஒரு கோடு உண்டு. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் என்றில்லாமல் கீழே இருப்பவற்றுக்கும் விலை ஏறும். ராப்பகலாக ஏசி ஓடினால் அந்தக் கோட்டை எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. அப்பாவுக்கு வாரத்தில் நாலு நாள் வேலை கிடைத்தால் பெரிது என்றிருந்த நேரம் அது.

முதலில் தளம். கிளிஞ்சல் சுண்ணாம்பும் வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்து மொட்டைமாடி முழுக்க வெள்ளை அடித்தால் வெயில் பட்ட வேகத்தில் திரும்பிப் போய்விடும் என்று அப்பாவிடம் விளக்கினேன். கறுப்புச் சட்டை, வெள்ளைச் சட்டை என்று பிள்ளைகளுக்குச் சொல்வதையெல்லாம் சொன்னேன்.

"தளத்துக்கு எவனாவது வெள்ளை அடிப்பானா? சமாதிக்குத்தான் அடிப்பாங்க."

"சமாதிக்குள்ள இருக்கறவங்க குளுகுளுன்னு இருக்காங்கல்ல, அதான்."

அம்மா சமையலறையில் சிரித்தது கேட்டது. அப்பா சிரிக்கவில்லை.

பள்ளி விடுமுறை விட்டிருந்தது. விடியற்காலையில் நானும் அம்மாவும் மாடியைப் பெருக்கி, பாசியைச் சுரண்டி, கழுவிவிட்டோம். தேங்காய் நார் மட்டையும் பழைய துடைப்பமும்தான் பிரஷ். ஏழு மணிக்கெல்லாம் வெயில் கண்ணில் குத்தியது. பக்கத்து மாடியில் வடகம் போட வந்த அடுத்த வீட்டுக்காரம்மா, "என்னங்க இது, கண்ணு கூசுது! வீட்டுக்குப் பவுடர் போடுறீங்களா?" என்றார். அப்பா கீழே கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்தார். மேலே ஏறவே இல்லை.

மறுநாள் மூன்று மணிக்கு நான் ஸ்டூல் மேல் ஏறி கூரையில் உள்ளங்கையை வைத்தேன். முந்தின வாரம் அங்கே கையை வைத்தபோது தோசைக்கல் மாதிரி இருந்தது. இப்போது காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்குத்தான் சுட்டது. அப்பாவைக் கூப்பிட்டேன். வேண்டாவெறுப்பாக வந்தார். கையை வைத்தார். எடுத்தார். இன்னொரு இடத்தில் வைத்தார். இறங்கிப் போய்விட்டார். அடுத்த நாள் காலையில் கண் விழித்தபோது மாடியில் சரசரவென்று சத்தம். போய்ப் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாங்கள் விட்டுவிட்ட கைப்பிடிச் சுவர் ஓரங்களுக்கெல்லாம் இரண்டாவது கோட்டிங் அடித்துக்கொண்டிருந்தார்.

"முந்தாநேத்து அடிச்சது ஒரு அடியா? திட்டுத் திட்டா இருக்கு. வேலைன்னா ஒழுங்கா செய்யணும்" என்றார்.

மேற்கு ஜன்னலுக்கு வெளியே பச்சை நிழல் வலை கட்டினோம். மத்தியானச் சமையலைக் காலை எட்டு மணிக்குள் முடிக்க அம்மா ஒப்புக்கொண்டாள். சூடு குறைந்தது, உண்மை. ஆனால் "குளுகுளு" என்று நான் கொடுத்த வாக்குக்கு இது போதாது. என் சேமிப்பை எடுத்துக்கொண்டு சத்திரத்துக்குப் போய் ஒரு ஏர் கூலர் வாங்கி ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தேன். ஃபேனைவிடக் கொஞ்சம் அதிகமாக மின்சாரம் இழுக்கும், ஏசியில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தாள்.

"ஏய், அத்தை நாளைக்கு வராங்களாம்டி. ரெண்டு மணிக்கு. நீ பாட்டுக்கு அன்னிக்கு வாயை விட்டுட்ட."

"நீ பெட்டியைக் கட்டி வை."

"கட்டி ஒரு மாசம் ஆச்சு" என்றாள். அவள் குரல் என்னவோ போல் இருந்தது. "அம்மாகிட்ட சொல்லாத. ராத்திரில பயமா இருக்குடி. அங்க வந்துட்டா பயமா இருக்காது."

மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே கூலரில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டிகளைப் போட்டு, முன்னறை மூலையில் ஓடவிட்டேன். அம்மா கதவையெல்லாம் சாத்தினாள். மேற்கு ஜன்னலையும் சாத்தி, கதவின் அடியில் சாக்கைச் சுருட்டி வைத்தாள். குளிர்ந்த காற்று ஒரு பொட்டு வெளியே போகக் கூடாது என்பது அவள் கணக்கு. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கூலரோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது. ஃபேனும் தண்ணீரும் சேர்ந்த பெட்டி, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று அதைப் பரண் மேல் போட்டிருந்தேன்.

முதல் அரை மணி நேரம் சொர்க்கம். அதற்குப் பிறகு என்னவோ மாறியது. கையில் ஜாக்கெட் ஒட்டியது. தரை பிசுபிசுத்தது. சம்பந்திக்காகப் பொரித்து வைத்த அப்பளம் துணி மாதிரித் துவண்டது. ஐஸ் போதவில்லை என்று நினைத்து இன்னும் அள்ளிப் போட்டேன். இன்னும் மோசம்.

சரியாக இரண்டு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. வாசலில் "வாங்க சம்பந்தி" என்று அம்மா கதவைத் திறந்து, அவர் உள்ளே வந்ததும் சட்டென்று சாத்தினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்.

"என்னம்மா இது, இட்லிக் குண்டான்ல உக்காந்த மாதிரி இருக்கு!"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். ஏழாம் வகுப்புக்கு ஆவியாதல் பாடம் வருடா வருடம் நடத்துகிறவள் நான்.

"மூச்சு முட்டுதுங்க. தப்பா நினைக்காதீங்க" என்று எழுந்தவர், கூலருக்குப் பின்னால் இருந்த மேற்கு ஜன்னலைத் தானே திறந்தார். அதுவும் போதாமல் நேரே கொல்லைப்புறம் போய்ப் பின் கதவை அகலத் திறந்து, முருங்கை நிழலில் நின்று மூச்சு வாங்கினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அக்காவின் பெட்டி கண்முன்னால் வந்து நின்றது.

அவர் திரும்பி உள்ளே வந்தபோது கால் நிலைப்படியிலேயே நின்றுவிட்டது. எனக்கும் அப்போதுதான் பட்டது. நிழல் வலை வழியாக வந்த காற்று கூலரின் முதுகில் நுழைந்து, ஈரம் தடவி, அறையைக் கடந்து, பின் கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கையில் பிசுபிசுப்பு காய்ந்தது. சுவரில் நாட்காட்டி படபடத்தது.

"இப்ப நல்லா வருதே" என்றார் அவர்.

"ஆமா அத்தை. காத்து போக வழி விடணும். இல்லேன்னா ஈரம் உள்ளேயே தங்கிடும்" என்றேன், காலம் காலமாகத் தெரிந்தவள் போல. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

அவர் சாப்பிட்டார். துவண்ட அப்பளத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலி வேண்டாம் என்று தரையில் பாய் விரிக்கச் சொல்லி, "ரெண்டு நிமிஷம் காலை நீட்டிக்கறேன்" என்று சாய்ந்தார். நான் மோர் கலக்கி எடுத்து வருவதற்குள் குறட்டை வந்துவிட்டது. அப்பா வாசல் நிலையில், அம்மா சமையலறை வாசலில், நான் டம்ளரோடு நடுவில். யாரும் அசையவில்லை. வாசலில் மீன்காரர் கூவினார். அப்பா ஓடிப்போய் அவரை வாயைப் பொத்தச் சொல்லிக் கை காட்டினார். கத்திரி வெயிலில், தட்டோடு இல்லாத எங்கள் தளத்தின் கீழ், தென்னூர் சம்பந்தி ஒன்றேகால் மணி நேரம் தூங்கினார்.

விழித்ததும் கொண்டையைச் சரிசெய்துகொண்டு மணியைக் கேட்டார். சொன்னதும் கூச்சத்தோடு சிரித்தார்.

"ஏசில படுத்தா எனக்குக் கால் குடையும்ங்க. இங்க அது இல்ல" என்றார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வர்ற வெள்ளிக்கிழமை நாள் நல்லா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க."

"சரிங்க" என்றாள் அம்மா, வளைகாப்பில் சொன்ன அதே நிதானத்தோடு. ஆட்டோ தெருவைத் திரும்பும்வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த வேட்டிகளையெல்லாம் எடுத்து மறுபடி உதறி, மறுபடி மடிக்கத் தொடங்கினாள். நான் பரண் மேல் ஏறி அந்தப் புத்தகத்தை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் ஜன்னல் திறந்திருக்கும் படம் பெரிதாகப் போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னறையில் நின்று, முதலில் மேலே பார்த்தாள்.

"அப்பா, தளத்துக்கு என்ன பண்ணீங்க? சூடே இல்ல."

"நான் போட்ட தளம்டி. எப்படிச் சுடும்?" என்றார் அப்பா.

அக்கா பாயில் ஒருக்களித்துப் படுத்தாள். அம்மா அவள் வீங்கிய பாதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் இருவரும் தூங்கிப்போனார்கள்.