காக்காய் பலமாகத் தொட்டுவிட்டது

ஒன்பது வயது முடியும்வரை காக்காய்களைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது. மாதத்துக்கு ஒரு தரம் அவை பெரிய பெண்களைத் தொட்டுவிடும். தொட்டால் அந்தப் பெண் மூன்று நாள் கொல்லை அறையில் எட்ட உட்கார வேண்டும். யாரும் அவள் கிட்டே போகக்கூடாது. அவள் தட்டு தனி, சொம்பு தனி, பாய் தனி. நாலாம் நாள் காலையில் தலைக்கு ஜலம் விட்டுக்கொண்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும். மயிலாப்பூரில் எங்கள் தெருக் காக்காய்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. ஆண்களைச் சீண்டுவதே இல்லை. அப்பா கொல்லைச் சுவரில் சாதம் வைக்கும்போது அவர் தலைக்கு மேலேயே பறக்கும், ஒரு நாளும் தொட்டதில்லை. அது ஏன் என்று நான் கேட்டபோது எதிராத்து மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழந்தைகளின் வாயை அடைக்கப் பெரியவர்கள் சொல்லிவைத்த சால்ஜாப்பு அது என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த மூன்று நாளும் அப்பா சமைப்பார். அவர் வைத்த ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு, பரட்டைத் தலையோடு நான் பள்ளிக்கூடம் போவேன். நாலாம் நாள் அம்மா ஈரத் தலையோடு வந்து, என்னை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் உட்கார்த்தி, மூன்று நாள் சிக்கையும் சேர்த்து எடுத்துப் பின்னிவிடுவாள். வலி உயிர் போகும். நான் போடுகிற கூச்சல் தெருக்கோடிவரை கேட்கும். ஆனாலும் அந்த நாலாம் நாளுக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் ஆவணியில் அம்மா கொல்லை அறைக்குப் போனாள். நாலாம் நாள் வந்தது, அம்மா வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. எட்டாம் நாள், அப்பா ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கேட்டேன். அவர் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "இந்தத் தடவை காக்கா கொஞ்சம் பலமாத் தொட்டுடுத்து" என்றார். பிறகு பித்தான்களைத் தப்பாகப் போட்டுக்கொண்டு டிராம் பிடிக்கப் போனார்.

அம்மாவுக்கு வந்திருந்தது க்ஷயம் என்கிற காசநோய். அந்த நாளில் அந்தப் பெயரை உரக்கச் சொன்னால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அப்பா எதிராத்து மாமியிடம் மட்டும் சொல்லியிருந்தார். எனக்கோ சந்தேகமே வரவில்லை. தனித் தட்டு, தனிப் பாய், தொடாதே, கிட்டே வராதே எல்லாம் எனக்குப் பழகிய சமாசாரம்தானே? எங்கள் வீட்டு ஆசாரம் அந்த வியாதியை அவ்வளவு சௌகரியமாக மூடிவைத்துவிட்டது. அம்மா இருமுவது மட்டும்தான் புதிது. அதற்கும் காக்காயைத்தான் திட்டினேன். ஒரு நாள் சுவரில் வந்து உட்கார்ந்த காக்காயைக் கல்லால் அடித்தேன். கல் பக்கத்து வீட்டு அண்டாவில் விழுந்தது.

கொல்லை அறை வாசலில் உட்கார்ந்தால் முற்றத்தைத் தாண்டிச் சமையலறை அடுப்பு நேரே தெரியும். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் அம்மா எனக்குப் பாடம் ஆரம்பித்தாள். முதலில் சாதம். அரிசியை மூன்று தரம் களை. விரலை வைத்துப் பார், இரண்டாவது கணுவரை ஜலம். கொதிக்கிற சத்தம் மாறினால் விறகை இழு. அப்புறம் பித்தான் தைப்பது. அப்புறம் நாலு வயதுத் தம்பியைக் குளிப்பாட்டுவது, வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்ப்பது, அவனுக்கு நகம் வெட்டுவது. கறிகாய்க்காரியிடம் முற்றின வெண்டைக்காயை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுகூட வந்தது. கையால் காட்டித் தர வேண்டிய அத்தனையையும் அம்மா வாயால் சொல்லிக் கொடுத்தாள். நடுவில் இருமல் வந்தால் கையைத் தூக்கி, இரு என்று காட்டுவாள். இருமல் அடங்கினதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

எல்லாவற்றையும்விட மோசமானது பின்னல். சமையலறைக் கதவு நாதாங்கியில் மூன்று வாழைநாரை முடிச்சுப் போட்டுக் கட்டச் சொன்னாள். "அதுல பழகு. வலது நார் நடுவுல வரணும், அப்பறம் இடது. கை பழகிடுத்துன்னா தலைக்குப் போயிடலாம்" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்குத் தலை பின்னத்தான் அம்மா இருக்கிறாளே, நான் எதற்கு நாருக்குப் பின்ன வேண்டும்? வேலைக்கு டிமிக்கி கொடுக்க அம்மா நல்ல வழி கண்டுபிடித்துக்கொண்டாள் என்று மனசுக்குள் நினைத்தேன். நினைத்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் நிஜமாகவே மறந்துபோய்ச் சாதத்தைப் பொங்கவிட்டேன். அடுப்பு சீறியது. அம்மா எழுந்து முற்றத்தில் இரண்டு அடி வந்துவிட்டாள். "விறகை இழுடி, விறகை இழு!" நான் இழுத்ததும் திரும்பிப் போய்விட்டாள். ஆனால் எனக்கு ஒன்று பிடிபட்டது. எனக்குத் தெரிந்தால் அம்மா அங்கேயே உட்கார்ந்திருப்பாள். தெரியாவிட்டால் கிட்டே வருவாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. சாதம் ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் நறுக்கரிசியாக நின்றது. தம்பியின் சட்டையில் பித்தானை மாற்றித் தைத்தேன். நாரை வேண்டுமென்றே சிக்காக்கி நாதாங்கியில் தொங்கவிட்டேன். அம்மா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னால் வருவாள். முற்றத்தின் நடுவில் நின்றுவிடுவாள். அவள் முகம் நாளுக்கு நாள் கவலையில் சுருங்குவதைப் பார்த்தேன். பலிக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

எங்கள் வீட்டில் ஓர் ஈயச் சொம்பு இருந்தது. அம்மாவுக்குக் கல்யாணத்தில் சீராக வந்தது. அதில் வைத்தால்தான் அது ரசம், மற்றதெல்லாம் புளித் தண்ணீர் என்பது வீட்டில் எழுதாத சட்டம். ஈயம் சாது. உள்ளே ஜலம் இருக்கும்வரை எந்தத் தீயையும் தாங்கும். வெறுமனே வைத்தால் மட்டும் உருகி ஓடிவிடும். "முதல்ல புளி ஜலம், அப்பறந்தான் அடுப்பு" என்று அம்மா அதை நூறு தரமாவது சொல்லியிருப்பாள்.

புரட்டாசி மாதம், தெருவில் எல்லோர் வீட்டிலும் கொலு வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பொம்மைப் பெட்டியை யாரும் இறக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலோ என்னவோ, அன்று காலை ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மறந்து வைக்கவில்லை. இந்தத் தடவை அம்மா முற்றத்தில் நிற்க மாட்டாள், உள்ளேயே வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்தேன்.

சொம்பு முதலில் ஒன்றும் செய்யவில்லை. பிறகு அடிப்பாகம் மெல்லத் தொய்ந்தது. பளபளவென்று சொட்டுச் சொட்டாகத் தணலிலும் தரையிலும் விழுந்தது. பார்க்க அழகாக இருந்தது என்பதுதான் கஷ்டம். மூலையில் விளையாடிக்கொண்டிருந்த தம்பி, "வெள்ளி! வெள்ளி!" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். நான் அசையாமல் நின்றேன். என்ன செய்வதென்று அம்மா அதற்குப் பாடம் சொல்லியிருக்கவில்லை.

அம்மா வந்தாள். முற்றத்தைத் தாண்டி, சமையலறைப் படியைத் தாண்டி, வந்த வேகத்தில் தம்பியை வாரி இடுப்பில் எடுத்துக்கொண்டாள். அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. இனி என் முறை என்று நினைத்தேன். ஆனால் அம்மா திடுக்கிட்டவள்போல அவனைத் தரையில் இறக்கிவிட்டு, முந்தானையால் தன் வாயை மூடிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து படிக்கு அப்பால் போய்விட்டாள்.

"அவனைக் குளிப்பாட்டு. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டு. கழுத்தை நன்னாத் தேய்" என்று அங்கிருந்து சொன்னாள். தம்பி அழுதுகொண்டே அவள் பக்கம் ஓடப் பார்த்தான். நான் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளிப்பாட்டினேன்.

திரும்பி வந்து அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். சீராக வந்த சொம்பு போய்விட்டது, நிச்சயம் அடிப்பாள். அடிக்கவாவது தொடத்தானே வேண்டும்? வெகுநேரம் நின்றேன். அடி விழவில்லை.

"வேணும்னுதானே வெச்சே?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன்.

"ஏண்டி?"

"நீ வருவேன்னு."

அம்மா சேர்ந்தாற்போல் இருமினாள். பிறகு, "உனக்கு ஒண்ணும் வரலேன்னா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்கறதுடி. சீக்கிரம் கத்துக்கோ. எனக்காகக் கத்துக்கோ" என்றாள்.

"கத்துண்டா வருவியா?"

"வகிடு நேரா எடுத்துண்டு வா, பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

நான் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன். பத்தே நாளில் சாதம் பூவாக வந்தது. பித்தான்கள் அதது அதன் இடத்தில் உட்கார்ந்தன. நாரிலிருந்து தலைக்குப் போனேன். வகிடுதான் படாத பாடு படுத்தியது. மூக்கு நுனியில் சீப்பை வைத்து, நெற்றி வழியாக நேரே மேலே இழுக்க வேண்டும். ஐப்பசி பிறந்த சில நாளில் அதுவும் வந்துவிட்டது. அன்று எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. பூ வாங்கி வைத்துக்கொண்டு அம்மா முன்னால் போய் நிற்கலாம் என்று கொல்லைப் பக்கம் ஓடினேன்.

கொல்லை அறையில் அம்மா இல்லை. தெருவாசலில் ஒரு ஜட்கா வண்டி நின்றது. அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு, எதிராத்து மாமியும் அப்பாவும் இரண்டு பக்கமும் தள்ளி நிற்க, தானே நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

"இன்னா சாமி, எயும்பூர் டேசன்தானே?" என்றார் வண்டிக்காரர். அப்புறம் அம்மாவைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டு, "மெதுவா ஏறு தாயி. மெத்த போட்டுக் கீது, குலுங்காது" என்றார்.

அம்மா ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். என் தலையை வெகுநேரம் பார்த்தாள். "வகிடு நேரா இருக்கு" என்றாள். சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். காற்று நன்றாக இருக்கும் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி, கொஞ்ச நாள்தான் என்று மாமி என் காதில் சொன்னாள். அப்பாவும் ஏறிக்கொண்டதும் வண்டி குளத்துப் பக்கம் திரும்பி மறைந்தது. தம்பி மாமி வீட்டுப் பட்சணத்தைத் தின்றுகொண்டு கையை ஆட்டினான். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. கற்றுக்கொண்டால் வருவாள் என்று நான் எண்ணியிருக்க, கற்றுக்கொண்டதும் அவள் போய்விட்டாளே! ஒன்றும் வராதவளாகவே இருந்திருந்தால் என்னை விட்டுவிட்டு எப்படிப் போயிருப்பாள்?

வாரம் ஒரு தரம் அப்பா அம்மாவுக்குக் கார்டு எழுதுவார். அடியில் இரண்டு விரல்கடை இடம் விட்டு என்னிடம் தருவார். நான் எழுதி, பள்ளிக்கூடம் போகிற வழியில் தபால் பெட்டியில் போட வேண்டும். கார்த்திகையில் ஒரு நாள், நன்றாக யோசித்து, பொடி எழுத்தில் இப்படி எழுதினேன்: "அம்மா, எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. வகிடு கோணலாக வருகிறது. சாதம் தினமும் குழைந்துபோகிறது. தம்பி சாப்பிடாமல் அழுகிறான்." அத்தனையும் பொய். தம்பி நான் வடித்த சாதத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மை காய்ந்ததும் நானே போய்ப் போட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. வழக்கமாக அங்கிருந்து யாரோ எழுதிக்கொடுத்துத்தான் கார்டு வரும். இது அம்மாவின் கையெழுத்து. பென்சிலால் எழுதியிருந்தாள். வரிகள் கீழே கீழே சரிந்திருந்தன.

"குழந்தைக்கு ஆசீர்வாதம். பயப்படாதே. அழாதே. சீப்பை மூக்கு நுனியில் வைத்துக்கொள். அவசரப்படாமல் மேலே இழு. மறுபடியும் நாரில் பழகு. ஜலம் இரண்டாவது கணுவரைதான். தம்பிக்குப் பருப்புச் சாதத்தை நன்றாகக் குழையப் பிசைந்து, கதை சொல்லிக்கொண்டே கொடு, சாப்பிடுவான். உனக்கு வந்துவிடும். வந்ததும் உடனே எனக்கு எழுது."

கடைசி வரி கார்டின் ஓரத்தில் இடமில்லாமல் மடங்கி ஏறியிருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா நம்பிவிட்டாள்! இனிமேல் அங்கே எப்படி இருப்பாள்? "அம்மா வரப்போறாடா" என்று தம்பியைத் தூக்கிச் சுற்றினேன். அன்று கொல்லைச் சுவரில் காக்காய்க்கு நெய் விட்டுச் சாதம் வைத்து, பழைய பகையெல்லாம் போனது என்று அதனிடம் சொன்னேன். வந்ததும் உடனே எழுது என்றுதானே அம்மா கேட்டிருந்தாள்? நான் எழுதவில்லை. அடுத்த வாரம் அப்பா கார்டின் அடியில் விட்டுத் தந்த இடத்தில் வெறும் நமஸ்காரம் போட்டு அனுப்பினேன். தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், நேராக எடுத்திருந்த வகிட்டை நானே கலைத்துவிட்டு, வாசலில் நின்று ஜட்காச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தந்தி வந்த சாயங்காலமும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.