தள்ளினால் ஷோரூம், ஓட்டினால் வீடு

டூ ஸ்ட்ரோக் வண்டி பார்க்கிறவன் வீட்டில் கொசுவத்தி தனியாகக் கொளுத்த வேண்டியதில்லை.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மண்ணிலும் மேட்டிலும் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது என் தொழில். பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு ராஜபாளையத்தில் ஷெட் போட்டவன் நான். இந்த மாதிரி ரோட்டு வண்டிகளைச் செய்வதைக் கம்பெனிக்காரர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஓட்டுகிற நாம்தான் நிறுத்தவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உங்கள் சட்டையில் அடிக்கும் ஆயில் வாசத்துக்குப் பயந்து பக்கத்து இலை காலியாகக் கிடக்கிறதா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். மேலே படியுங்கள்.

பின்பக்கமாகப் போன கான்சாபுரத்தார்

கான்சாபுரத்தில் தோப்பும் வயலும் வைத்திருக்கும் சீனிவாசன், வரப்பில் ஓட்டுவதற்கென்றே ஒரு வண்டி கேட்டார். மண்ணைக் கவ்வுகிற பட்டன் டயர் போட்டு, முன் ஷாக்கை உயர்த்தி, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டிக் கொடுத்தேன். மாலையெல்லாம் போட்டு, எதிரே இருந்த டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிக்கரை உதைத்தார். அவர் உதைத்தது பாதி. கிக்கர் அவரைத் திருப்பி உதைத்தது மீதி. ஆனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

டூ ஸ்ட்ரோக்கில் ஒரு விசேஷம் உண்டு. டைமிங் கொஞ்சம் தப்பி, கிக்கர் எதிர்த்து அடித்தால், சமயத்தில் இன்ஜின் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. அவர் முதல் கியரைப் போட்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டு, கிளட்சை விட்டார். வண்டி பின்பக்கமாகப் பாய்ந்து டீக்கடை பெஞ்சில் போய் நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரோடு சாலைக்கு வந்துவிட்டார்கள். நான் ஓடிப் போய் வண்டியை அணைத்து, டைமிங்கைச் சரிசெய்து, இனிமேல் இப்படி நடக்காது என்று சத்தியம் செய்தேன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

"அண்ணாச்சி, வரப்புல திருப்ப எடமே கெடையாது. அந்த ரிவர்ஸ் கியரை எடுத்துறாதிய, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமைப் புகை

கொஞ்ச நாள் ஓடினால் சைலன்சருக்குள் கரி அடைத்துக்கொள்ளும். வண்டி மூச்சு வாங்கும். நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சைலன்சரைக் கழற்றி, தேங்காய்ச் சிரட்டையை அடுக்கி, தீ வைத்துச் சுட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக் கொல்லையில் வைத்து இதைச் செய்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்தவை எங்கள் சபைப் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள். துவைத்துக் கொடுக்கும் முறை அந்த வாரம் என் மனைவி எஸ்தருடையது. அன்றைக்குப் பாடகர் குழு சாம்பல் நிறத்தில் நின்று ஸ்தோத்திரம் பாடியது.

எஸ்தர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டாள், கணக்குப் போடுவாள். அந்த வாரம்தான் ஸ்கூட்டர் ஷோரூம் ஒன்றின் மேனேஜர் வந்து, என் ஷெட்டையே அவர்களுடைய சர்வீஸ் சென்டராக மாற்றிக்கொள்ளலாம், எனக்கு யூனிபாரமும் மாதச் சம்பளமும் உண்டு, ஒரு டூ ஸ்ட்ரோக் கூட உள்ளே நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த ஷெட்டில் டூ ஸ்ட்ரோக் இல்லையென்றால் நான் எதற்கு? எஸ்தர் சாம்பல் அங்கிகளை மறுபடி ஊறப் போட்டுவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"வன்னியம்பட்டிக் கம்மாய் ரேஸ்ல போன வருசமும் வண்டியத் தள்ளிக்கிட்டுத்தான் வந்தீய, அதுக்கு முந்துன வருசமும் தள்ளிக்கிட்டுத்தான் வந்தீய. இந்த வருசம் ஓட்டிக்கிட்டு வந்து கோட்டைத் தாண்டுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். தள்ளிக்கிட்டு வந்தா, அப்படியே நேரா அந்த ஷோரூம் வாசல் வரைக்கும் தள்ளிருங்க."

செட்டியார்பட்டி சாலையின் நீதிபதி

ரேஸுக்கு நான் ஓட்டுவது என் சொந்த வண்டி. இன்ஜின் ஒரு பழைய ரோட்டு வண்டியுடையது, முன் ஷாக் வெளிநாட்டு வண்டியுடையது, மீதியெல்லாம் என் கையுடையது. அது எப்படி இழுக்கிறது என்று அளந்து பார்க்கப் பெரிய ஊர்களில் மெஷின் வைத்திருக்கிறார்களாம். எனக்குச் செட்டியார்பட்டி சாலையில் ஒரு தென்னந்தோப்பு நாய். வெள்ளை வெளேரென்று, ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக நிற்கும். தோப்பு வாசலில் வண்டி நுழைந்ததும் கிளம்பும். பாலம் வருவதற்குள் அது என்னைப் பிடித்துவிட்டால் டியூனிங் தப்பு.

முதலில் புகை வெளியேறும் போர்ட்டை அரம் வைத்து உயர்த்தினேன். மேல் வேகம் பிய்த்துக்கொண்டு போனது, ஆனால் கிளம்பும்போது இழுவை செத்துவிட்டது. நாய்க்குக் கிளம்பும் இழுவையில் குறைவே இல்லை, அதனால் பேண்ட்டின் ஒரு கால் அதனிடம் போயிற்று. பின் சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் மாட்டிப் பார்த்தேன். சட்டையின் ஓரம் மட்டும் போனது. கடைசியில் சைலன்சரின் வயிற்றுப் பகுதியை வெட்டி, நீளத்தைக் கூட்டி ஒட்டினேன். அன்றைக்குத் தோப்பு வாசலில் ஆக்சிலேட்டரைத் திருகினேன். பாலத்தைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், பாதி வழியில் நாய் நடுச்சாலையில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். அப்புறம் தோப்புக்காரர் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, எங்க நாயி சோறு திங்க மாட்டேங்கு. தயவு பண்ணி ஒரு தடவை வந்து மெதுவா ஓட்டிட்டுப் போங்க."

ஏட்டையாவின் எண்ணெய்

ரேஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு உதவியாள் உண்டு. எனக்கு எஸ்தரின் அண்ணன் ஞானராஜ். போலீஸில் ஏட்டு. அந்தக் காலத்து ரேஸ்காரர்கள் பெட்ரோலில் ஆமணக்கு எண்ணெய் கலந்தார்கள் என்று நான் ஒருநாள் சொன்னதைப் பாதியில் கேட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் செக்கில் ஒரு கேன் விளக்கெண்ணெய் வாங்கித் தன்னுடைய பழைய டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றிவிட்டார் மச்சான். அது இன்ஜினுக்கென்று பிசின் நீக்கின எண்ணெய், இது வயிற்றுக்குக் குடிக்கிற எண்ணெய் என்று நான் சொல்வதற்குள் அவர் ரோந்து கிளம்பிவிட்டார். ஒரு வாரம் தெருத்தெருவாக விளக்கெண்ணெய்ப் புகையை விட்டுவிட்டு, இன்ஜினுக்குள் பிசின் கட்டி வண்டி நின்றது. அதைக் கழற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தபோது டீக்கடைக்காரர் வந்து மச்சானிடம் சொன்னார்:

"ஏட்டையா, நீங்க ரவுண்டு வந்த தெருவுல எல்லாம் சின்னப் பிள்ளைய ஒண்ணுக்குக்கூட மலச்சிக்கல் இல்லையாம். திரும்ப எப்ப வாரியன்னு கேக்காவ."

சாரலுக்கு ஒரு ஜெட்

ஆடி மாதத்தில் வன்னியம்பட்டிக் கண்மாய் வறண்டு, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதற்குள்தான் ரேஸ். காலையில் வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு பிளக்கைக் கழற்றினேன். நல்ல காப்பிக் கலர், பெட்ரோல் சரியான அளவில் எரிகிறது என்று அர்த்தம். நம்மவர்களுக்குத் தெரியும், அந்தக் கலரைப் பார்த்தால் சொந்தப் பிள்ளை முதல் மார்க் வாங்கின மாதிரி இருக்கும்.

ரேஸ் தொடங்கும் நேரத்தில் மேற்கே மலையை மூடிக்கொண்டு மேகம் இறங்கியது. குளிர்ந்த காற்றும் சாரலும் வந்தன. காற்று குளிர்ந்தால் கனக்கும். அதற்கேற்ற பெட்ரோல் போகாவிட்டால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். நான் அவசரமாகக் கார்ப்பரேட்டரைத் திறந்து, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை எடுத்துவிட்டு, ஒரு அளவு பெரிய துளையுள்ள ஜெட்டை மாட்டினேன். பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த ஒரு இளைஞர், வெளிநாட்டு டூ ஸ்ட்ரோக்கில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, மழை வந்தா எல்லாரும் குடையைத் தேடுவாய்ங்க. நீங்க என்னண்ணே ஸ்குரு டிரைவரைத் தேடுறீங்க?"

கரையிலிருந்து இறங்கி வந்தவள்

கொடி விழுந்தது. மதுரைக்காரர்தான் முதலில் பாய்ந்தார். அவர் பின்னால் ஒரு புத்தம் புது ஃபோர் ஸ்ட்ரோக், அதன் பின்னால் நான். பாதி ரேஸில் மடைப் பக்கத்து வளைவில் மதுரைக்காரரின் வண்டி 'கிரீச்' என்று ஒரு சத்தம் போட்டது, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு நின்றது. பிஸ்டன் இறுகிவிட்டது. பாவம்தான், ஆனால் அவரைத் தாண்டும்போது நான் பாவப்படவில்லை. உண்மையைச் சொன்னால், ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தேன். இரண்டாவது இடம்!

சிரித்த வாய் மூடுவதற்குள் சாரல் நின்று வெயில் அடித்தது. சாரலுக்குப் போட்ட பெரிய ஜெட் இப்போது அளவுக்கு மீறிப் பெட்ரோலை ஊற்றியது. கடைசிக்கு முந்தின சுற்றில் வண்டி இருமியது, கரைக்குக் கீழே வந்ததும் நின்றேவிட்டது. பிளக் நனைந்துவிட்டது. புது பிளக்கும் ஸ்பேனரும் மச்சானுடைய பையில். விழுந்தால் குத்தும் என்று ஓட்டுகிறவர்கள் சட்டைப் பையில் இரும்பு வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். மச்சான் எங்கே என்று பார்த்தேன். லீவில் வந்த மனுஷர், கூட்டத்தைக் கண்டதும் தாங்க முடியாமல் எதிர்க் கரையில் விசில் ஊதி ஜனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. என்னை ஒரு வண்டி தாண்டியது. இன்னொன்றும் தாண்டியது. ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளுவதற்காகக் குனிந்தேன். என் ஷெட்டைப் பூட்டுகிற சத்தமே எனக்குக் கேட்டது.

அப்போது கரையிலிருந்து எஸ்தர் இறங்கி வந்தாள். செருப்பை மேலேயே விட்டுவிட்டு, வெடித்த மண்ணில், மச்சான் அவளிடம் விட்டுப் போயிருந்த பையோடு ஓடி வந்தாள். "தள்ளாதிய, நில்லுங்க" என்றாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, கொதிக்கிற பிளக்கை ஸ்பேனரால் கழற்றினாள். புதியதை எடுத்ததும் அவசரத்தில் ஸ்பேனரைப் போட்டுத் திருகவில்லை. விரலால் மெதுவாகப் புரிக்குள் இறக்கி, நேராக உட்கார்ந்ததா என்று பார்த்து, அப்புறம்தான் ஸ்பேனரைப் போட்டாள். இத்தனை வருஷமும் அடுப்படி மேடையில் பிளக்கைக் கழுவிக்கொண்டு நான் பேசிய பேச்சையெல்லாம், காதில் விழாத மாதிரி தோசை சுட்டுக்கொண்டே அவள் கேட்டிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அழுகையெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம், ஓதைங்க" என்றாள். உதைத்தேன். வண்டி பிடித்தது, அதுவும் முன்பக்கமாக.

கடைசிச் சுற்றில் நான் ஓட்டிய மாதிரி பட்டாளத்தில்கூட ஓட்டியதில்லை. ஆக்சிலேட்டரை அடங்கவே விடாமல், நனைய நேரம் கொடுக்காமல் போனேன். என்னைத் தாண்டிப் போன இரண்டு பேரில் ஒருவரை நேர்ப்பாதையிலும் இன்னொருவரை மடை வளைவிலும் பிடித்தேன். ஃபோர் ஸ்ட்ரோக்காரர் முதலில் போய்ச் சேர்ந்தார், சேரட்டும். நான் புகை கக்கிக்கொண்டு, இன்ஜின் கத்த, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தபடி கோட்டைத் தாண்டினேன். கரை முழுக்க விசில்.

வண்டியை நிறுத்தும்போது, வேடிக்கை பார்க்க வந்திருந்த ஷோரூம் மேனேஜர் எஸ்தரிடம் நின்றுகொண்டிருந்தார். தள்ளினால் ஷோரூம் என்ற கதை ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? "ஏன் மேடம், நீங்க கரையிலேயே சும்மா இருந்திருந்தா திங்கக்கிழமை நான் சாவி வாங்க வந்திருப்பேனே" என்று கேட்டார். எஸ்தர் தலைப்பில் ஒட்டிய கரியைத் தட்டிவிட்டுச் சொன்னாள்:

"அவிய கடைய மூடணும்னா அத நான் சொல்லணும் சார். ஒரு பிளக்கு வந்து சொல்லிட்டுப் போகவா இம்புட்டு வருசம் நான் இந்தப் பொகையக் குடிச்சேன்?"

பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும் என்று கேட்டு வருகிற கல்யாணமாகாத வாடிக்கையாளர்களிடம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பிளக் மாட்டத் தெரிந்த பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்றுதான் இப்போதெல்லாம் நான் சொல்லி அனுப்புகிறேன்.