ஹாரன்காரரின் சனி ஞாயிறு

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் என்ன வரும் என்று ஹாரன்காரருக்கு அதைப் போடுவதற்கு முன்பே தெரியும். ஒரு பெண் பாடும். பாடி முடித்ததும் மூன்று நடுவர்களில் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இன்னொருத்தர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவார். மூன்றாமவர் பேச வாயைத் திறப்பார், அதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிடும். விளம்பரம் முடிந்ததும் அதே பெண் அதே பாட்டின் கடைசி வரியை மறுபடியும் பாடும். பார்க்கிறவர்கள் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் மறந்துபோகிற மண்டுகள் என்று அந்த டிவிக்காரர்களுக்கு எவனோ சொல்லி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் நாற்பது வயது நடிகர்கள் ஓடிவந்து பலூன்மேல் உட்கார்ந்து உடைப்பார்கள். அதற்கு ஒரு கோப்பை வேறு கொடுப்பார்கள்.

"கூட்டத்துல உக்காந்திருக்கற அந்த மஞ்சச் சட்டைப் பொம்பளையப் பாத்தியா?" என்று மனைவியைக் கேட்டார். "நேத்து பாட்டுப் போட்டியில தேம்பித் தேம்பி அழுதா. இன்னைக்கு பலூனுக்குச் சிரிக்கிறா. அதே சட்டை, அதே நாற்காலி. ஒரே நாள்ல உக்கார வெச்சு அழுகை பாதி, சிரிப்பு பாதின்னு எடுத்து வெச்சுக்கிட்டானுங்க. வேணுங்கறப்ப வெட்டி ஒட்டறானுங்க. வெக்கங்கெட்டவனுங்க!"

"தெரியுதுங்க. கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்" என்றாள் மனைவி.

அவரைப் போய்ப் பேசாமல் இருக்கச் சொன்னால் ஆகிற காரியமா? முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பெயர் வந்தது பேருந்தில் இருந்த ஹாரனால் அல்ல, அவர் வாயால். கையைக் காட்டாமல் திரும்புகிறவன், போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடக்கிறவள், சிக்னலில் தூங்குகிறவன் என்று ஒருத்தரையும் விட்டுவைத்ததில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அவரவர்க்கு உரியதைக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெயரும் கூடவே வந்துவிட்டது.

பாட்டும் பலூனும்கூடப் போகட்டும் என்பார். சீரியலில் கதாநாயகன் கார் ஓட்டிக்கொண்டு போகிற காட்சி வந்தால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். அந்த ஆள் பக்கத்து சீட்டில் இருப்பவளைப் பார்த்தபடியே ரெண்டு நிமிஷம் முழுசாக வசனம் பேசுவான். ரோடு நேராகப் போகும், ஸ்டியரிங்கை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே இருப்பான்.

"முன்னாடி பாருடா மூதேவி! இந்நேரம் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில கிடக்கணும். இதை ஒருத்தன் எழுதி, ஒருத்தன் படம் புடிச்சு, ஒருத்தன் சரின்னு வேற சொல்லியிருக்கான் பாரு!"

இத்தனை வெறுப்பு இருந்தும் ஏன் பார்த்தார் என்று கேட்டால், வேறு போக்கிடம் இல்லை. ஏழு மாசத்துக்கு முன்பு வரை சனிக்கிழமை மத்தியானம் மருந்துக்கடையில் மனைவிக்கு வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ரெண்டு பேரும் மகள் வீட்டுக்குப் போவார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். மகளால் இங்கே வர முடியாது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை விட்டுவிட்டு அவளால் அசைய முடியாது. அப்படிப் போய்வந்துகொண்டிருந்த நாளில்தான் கண் டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கண்ணில் அழுத்தம். நேரே பார்த்தால் பளிச்சென்று தெரியும், பக்கவாட்டில் வருகிறது மட்டும் தெரியாது. இனிமேல் வண்டியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். லைசென்ஸைப் புதுப்பிக்கக் கையெழுத்தும் போடவில்லை.

கார் கீழ்த்தளத்தில் உறை போட்டுக்கொண்டு நின்றது. பேருந்தில் போகலாம் என்று மனைவி சொன்னாள். ஒரே ஒரு தடவை போனார்கள். ஓட்டுநர் ரெண்டாவது கியரை எங்கே போட வேண்டும் என்று இவர் பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்க, அவன் பதிலுக்குக் கேட்க, பாதி வழியில் இறங்கி ரெண்டு பேரும் வெயிலில் நின்றார்கள். அதோடு சரி. கண்டவன் ஓட்டுகிற பஸ்ஸில் நான் உட்கார மாட்டேன் என்றார். ஆள் வைத்துக் காரை ஓட்டலாம் என்றதற்கு, என் வண்டியில் இன்னொருத்தன் கை வைப்பதா என்றார். நான் கற்றுக்கொள்கிறேனே என்று அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை, பெண் பிறந்த பிறகு ஒரு தடவை கேட்டிருக்கிறாள். இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் அவர் சிரித்தார்.

ஆக, மகள் முகத்தைப் பார்த்து ஏழு மாசம் ஆகியிருந்தது. சனி, ஞாயிறு சாயங்காலங்களில் அந்தப் பெட்டியும் அதைத் திட்டுகிற ஹாரன்காரரும்தான் அவளுக்கு மிச்சம். ஒரு சனிக்கிழமை அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"அக்கா வீட்டுக்கு. அங்க டிவி ஓடறப்ப யாரும் பேச மாட்டாங்க. இனிமே சனி ஞாயிறு அங்கதான். எட்டு மணிக்கு வந்துடுவேன்."

"போயேன், யார் வேணாம்னா? எனக்கென்ன கைகால் இல்லையா?"

வாய்தான் அப்படிச் சொன்னது. கதவு சாத்தியதும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் இப்படி எழுந்து போனதில்லை. எட்டு மணிக்கு வருகிறேன் என்கிறாளே, என்றைக்காவது வராமலே இருந்துவிட்டால்? இந்தப் பயம் வந்த மனுஷன் அடுத்த வாரம் வாயைக் கட்டியிருக்கலாம். அதுதான் இல்லை. அவள் போன பிறகும் டிவியைத் திட்டிப் பார்த்தார். கேட்க ஆளில்லாத வசவு சப்பென்று இருந்தது. பட்டென்று டிவியை அணைத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

நாலாவது மாடி. கீழே ஒரு ஆபீஸின் வண்டி நிறுத்தும் இடம் பரந்து கிடந்தது. சனி, ஞாயிறு ஆபீஸ் கிடையாது என்பதால் ஒரு டிரைவிங் ஸ்கூல் அங்கே பாடம் நடத்தியது. ஒரே ஒரு வெள்ளைக் கார், தலையில் எல் போர்டு, பக்கத்து சீட்டில் தொப்பி போட்ட ஒரு அம்மா. கற்றுக்கொள்கிறவர்கள் ஏறி இறங்குவதெல்லாம் ஓரத்திலிருந்த தகரக் கூரைக்கு அடியில். மேலிருந்து பார்க்கிறவருக்கு ஓடுகிற காரின் முதுகு மட்டும்தான் தெரியும்.

அவருக்கு அது போதும். அடடா, என்ன ஒரு காட்சி! வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, சோப்பு இல்லை. முதலில் வந்தவன் சிவப்புக் கூம்பு மூன்றை வரிசையாகச் சாய்த்துவிட்டு நாலாவதைச் சாய்ப்பதற்காகத் திரும்பி வந்தான். அடுத்தவன் பத்தடிக்கு ஒரு தடவை பிரேக் போட்டு, காரையே கும்பிட வைத்தான். ஹாரன்காரர் ஏழு மாசத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து பால்கனியிலிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, தனியா சிரிக்கிறீங்க?"

"நாற்காலியக் கொண்டாய்யா. நாடு கெட்டுக் குட்டிச்சுவராப் போறது இங்கருந்து பாத்தா நல்லாத் தெரியுது."

அன்றிலிருந்து சனி, ஞாயிறு ரெண்டு நாற்காலி. நூற்றுக்கு மார்க் போட்டார்கள். முப்பதுக்கு மேல் ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. கும்பிடுசாமி, கூம்புக்காலன் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார் ஹாரன்காரர். எல்லோரிலும் அவருக்குப் பிடித்தது கடைசி ஆள். ஆறரை மணிக்கு வருகிற ஜென்மம். கிளட்ச்சிலிருந்து காலைச் சடக்கென்று எடுக்கும், கார் ஒரு துள்ளுத் துள்ளி அணைந்துபோகும். மறுபடி ஸ்டார்ட், மறுபடி துள்ளல். அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்.

"ஏய் தவளை! காலை மெதுவா விடு! அந்த வண்டி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

நாலு மாடி இறங்கியும் அந்தக் குரலுக்கு ஒரு குறைவும் இல்லை. தொப்பிக்கார அம்மா காரிலிருந்து தலையை நீட்டி மேலே பார்த்தாள். ஓட்டுகிற தவளை மட்டும் தலையை நீட்டவே இல்லை.

எட்டு மணிக்கு வந்த மனைவியிடம் சாப்பிடுகிறபோது ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்குக் குஷி.

"கடைசியா ஒண்ணு வருது பாரு, சொல்லி மாளாது. எட்டு தடவை இன்ஜினை ஆஃப் பண்ணிடுச்சு, எட்டு தடவை! அதெல்லாம் எதுக்கு ஸ்டியரிங்கப் புடிக்கணும்? வீட்டுல உக்காந்து பலூன் உடைக்கிறதப் பாக்க வேண்டியதுதானே?"

அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்தபடி கேட்டாள். "எட்டு தடவையா எண்ணினீங்க?"

"எண்ணாம? கிளட்ச்சை முழுசா விட்டா அப்படித்தான். பாதி வழி வந்ததும் வண்டி லேசா உதறும். அங்க காலை நிறுத்தணும், ஒரு மூச்சு விடற நேரம். அப்புறம் மீதிய விடணும். இது தெரியாம எதுக்கு வர்றதுங்க?"

"யாரோ கத்துக்கறாங்க. உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். ஹாரன்காரருக்குப் புரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா வீட்டிலிருந்து வருகிறவள் வரவர நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்பதுதான். அந்தக் கிலியை மறக்க அவர் இன்னும் அதிகமாகப் பேசினார்.

மறுவாரம் தவளை துள்ளவில்லை. கார் லேசாக உதறி, நின்று, வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

"பாத்தியா! நான் கத்தினது காதுல விழுந்திருக்கு!" என்று தையல்காரரின் தொடையில் ஓங்கித் தட்டினார் ஹாரன்காரர்.

அப்புறம் அதே கதைதான். திரும்புகிறபோது ஸ்டியரிங்கை ரொம்பச் சீக்கிரம் ஒடிக்கிறது என்று சாப்பிடுகிறபோது ஏசுவார். அடுத்த வாரம் தவளை நிதானமாக ஒடிக்கும். கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை என்பார். அடுத்த நாளே தவளை கண்ணாடி பார்க்கிறதுக்காக நின்று நின்று போகும். மார்க் முப்பதிலிருந்து ஐம்பதுக்கு வந்தது, எழுபதுக்கு வந்தது. வசவு மட்டும் குறையவில்லை. "சோம்பேறி", "மரமண்டை", "உன்னை எவன் வீட்டை விட்டு வெளிய விட்டான்" என்று நாலாவது மாடியிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் திங்கட்கிழமை காலையிலேயே சனிக்கிழமை ஆறரை மணிக்காக ஏங்க ஆரம்பித்தார். டிவி ரிமோட் எங்கே கிடக்கிறது என்றுகூட அவருக்கு நினைவில்லை.

பத்தாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. தவளை ரிவர்ஸில் வந்து ரெண்டு கூம்புக்கு நடுவே காரை நிறுத்த வேண்டும். இதுவரை ஒரு தடவையும் சரியாக வந்ததில்லை. ஹாரன்காரர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"இப்ப ஒடி. போதும், போதும். நேராக்கு. அவசரப்படாத மரமண்டை, உன்னை யாரு துரத்தறா?"

கார் அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது. ரெண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு, கோடு போட்டது மாதிரி நின்றது. டிப்போவில் இருபது வருஷம் ஓட்டினவர்கள்கூட அப்படி நிறுத்தி அவர் பார்த்ததில்லை. ரெண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். "நூறு! நூத்துக்கு நூறுய்யா!" என்று கத்தினார்.

அன்றைக்குத் தகரக் கூரைக்குப் போகாமல், நின்ற இடத்திலேயே கார்க் கதவு திறந்தது. ஓட்டினவள் இறங்கிக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தொப்பிக்கார அம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

தையல்காரர் தொண்டையைச் செருமினார். "அண்ணே, அது... நம்ம அண்ணி மாதிரி இல்ல?"

"போய்யா. அவ அவங்க அக்கா வீட்டுல..." என்று ஆரம்பித்தவர் கம்பிக்கு மேல் இன்னும் எட்டிப் பார்த்தார்.

டிப்போவில் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டே, எந்தப் பேருந்தை எவன் ஓட்டி வருகிறான் என்று சொல்லுகிறவர் அவர். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பத்து வாரம் பெண்டாட்டி ஓட்டின வண்டியைக் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தும் தெரியவில்லை. அவள் கையில் வண்டி எப்படி ஓடும் என்று ஒரு தடவையாவது பார்த்திருந்தால்தானே தெரியும்? தையல்காரர் தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

அவள் மேலே வந்து செருப்பைக் கழற்றினாள். ஹாரன்காரர் கூடத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு தடவை சொன்னேன்."

அவள் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்தாள்.

"வெள்ளிக்கிழமையே லைசென்ஸ் கைக்கு வந்துடுச்சு. ரிவர்ஸ் மட்டும் இன்னும் கொஞ்சம் பழகலாம்னு போனேன். அடுத்த சனிக்கிழமை பொண்ணு வீட்டுக்குப் போறேன்."

போகிறோம் என்று அவள் சொல்லவில்லை. அது அவர் காதில் நன்றாகவே விழுந்தது.

"அந்தத் தொப்பிக்காரம்மா," என்று அவள் தொடர்ந்தாள், "முதல் வாரமே கேட்டாங்க. மேல நின்னு ஒரு ஆள் நாய் மாதிரி கத்திக்கிட்டு இருக்காரே, உங்களுக்குத் தெரிஞ்சவரான்னு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னுட்டேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவளிடம் கேட்டே இராத ஒன்றைக் கேட்டார்.

"நானும் வரட்டுமா?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பின்சீட்டுல உக்காரணும்."

"சரி."

"பேசக் கூடாது."

இதற்குச் சரி சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.