தகட்டுக்கு அடியில் ஒரு ஒயர்

பழுதுபார்க்கிற தொழிலில் சாமானோடு மல்லுக்கட்டுவது பாதி வேலை. அதைக் கொண்டுவந்தவரோடு மல்லுக்கட்டுவது மீதி. மிக்சியோ ஃபேனோ எதையாவது பிரித்துப்போட்டுக்கொண்டு வாடிக்கையாளரின் வாயில் விழுந்து எழும் உறவுகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நான் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறி மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவள். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் மோட்டார் எரிந்தால் இப்போது என் கடைக்குத்தான் வருகிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. சேகர் விஷயத்தில் அந்தத் திமிர் கை கொடுக்கவில்லை.

தலைமுடி

சேகர் பகலில் தறி ஓட்டுபவன். சாயங்காலமானால் திருப்பதியில் பாட்டுக் கச்சேரி நடத்தும் ட்ரூப் ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிப்பான். கல்யாணம், கோயில் ஜாத்திரை, எது வந்தாலும் போவான். சொந்தக் கிட்டார் கிடையாது. ஒவ்வொரு தடவையும் யாரிடமாவது கெஞ்சி வாங்கிப் போகவேண்டும். சித்தூரில் கலைந்துபோன ஒரு ஆர்க்கெஸ்ட்ராவின் தட்டுமுட்டுச் சாமானோடு கிடந்த பழைய பேஸ் கிட்டாரைப் பிடித்து, கோணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தான். கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கம்பியை முறுக்கும் சாவிகள் துரு ஏறி இறுகிக் கிடந்தன. ஒரு வாரம் இருவரும் டீசல் போட்டுத் துடைத்து, கழுத்துக்குள் ஓடும் கம்பியைத் தினம் கொஞ்சமாகத் திருகி நிமிர்த்தினோம்.

பிக்கப்தான் செத்திருந்தது. கம்பி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிபயருக்கு அனுப்புவது அதுதான். காந்தம், அதைச் சுற்றிக் காயில், அவ்வளவே. மீட்டர் வைத்தால் முள் அசையவில்லை. காயில் சுற்றுவது என் பிழைப்பு என்பதால் சரி என்றுவிட்டேன். பிரித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் காயிலின் கம்பி தலைமுடியைவிட மெல்லிசு; ஃபேன் காற்றுக்கே அறுந்துவிடும். ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்க ஆயிரக்கணக்கான சுற்றுகளை ஓட்டி, முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்னும்போது வாசலில் ஒரு தறி முதலாளி குரல் கொடுத்தார். திரும்பிப் பார்த்தேன், கம்பி அறுந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, என் மோட்டாரு ரெண்டு நாளா கிடக்குது. நீ இன்னாத்துக்கு தலமுடி சுத்திக்கினு கீற?"

டப்பா அதிர்ந்தது

இரண்டாம் தடவை அறுக்காமல் சுற்றினேன். சுற்றிய காயில் ஆடாமல் இருக்க மெழுகில் முக்கவேண்டும். வீட்டில் பால் காய்ச்சும் ஏனத்தில் மெழுகுவத்திகளை உருக்கியதற்கு வாங்கிய பேச்சைத் தனியாக எழுதலாம்.

எல்லாவற்றையும் மாட்டி, கடையில் இருந்த ஆம்ப்ளிபயரில் சொருகினோம். சேகர் தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை மீட்டினான். அலமாரியில் இருந்த ஸ்குரூ டப்பா கடகடவென்று ஆடியது. கிட்டாரைத் துடைத்துக்கொண்டே அவன் சொன்னான்: "இனிமே யார் வூட்டு வாசல்லயும் போய் நிக்க வேணாம்க்கா."

மைக் அடித்தது

பத்து நாள் கழித்து உதடு வீங்கி வந்து நின்றான். புத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் கோரஸ் பாட மைக்கை வாயருகே கொண்டுபோனதும் ஷாக் அடித்திருக்கிறது.

காரணம் எனக்குப் புரிந்தது. பேஸ் கிட்டாரின் கம்பிகள் மாட்டியிருக்கும் இரும்புத் தகட்டுக்கு அடியில் ஒரு ஒயர் உண்டு. கம்பிகளை ஆம்ப்ளிபயரின் உடம்போடு சேர்ப்பது அதுதான். 'ஞொய்' என்ற இரைச்சல் வராமல் இருக்க அது வேண்டும். ஆனால் நம் மேடைகளில் எர்த் ஏது? ஆம்ப்ளிபயர் உடம்பில் கரண்ட் கசிந்தால் அந்த ஒயர் வழியாக நேரே வாசிக்கிறவன் விரலுக்கு வந்து, வாயில் மைக் பட்டதும் உடம்பு வழியாகப் பாய்ந்துவிடும். நான் கட்டரை எடுத்து அதை வெட்டிவிட்டு, இனி அடிக்காது, ஆனால் கொஞ்சம் இரையும் என்றேன். சேகருக்குக் கவலை வேறாக இருந்தது. "ஷாக்கு கூட பரவால்லக்கா. நான் வலில கத்துனத சுதி தப்புன்னு சொல்லிட்டாங்க" என்றான்.

மாஸ்டர் வந்தார்

ட்ரூப்பை நடத்தும் மாஸ்டர் ஒருநாள் திருப்பதியிலிருந்து தானே வந்துவிட்டார். தங்கமான மனிதர், தெலுங்கு கலந்த பேச்சு, குரலே உயராது. "சவுண்டு பாகுந்தி அம்மா, நல்லாருக்கு. ஆனா பாட்டு நின்னா 'ஞொய்'னு ஹம் வருது. கல்யாண வீட்டுல எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க" என்றார். நான் அந்த ஒயரைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கீபோர்டுக்காரரே இடது கையால் பேஸும் வாசித்துவிடுவார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சேகர் வந்து, ஒயரை மறுபடி சேர்க்கச் சொன்னான். முடியாது என்றேன். எர்த் போட்ட மேடையில் மட்டும் வாசி என்றேன். "எனக்காவ எந்த ஊர்ல குழி தோண்டி எர்த் போடுவாங்க?" என்று சிரித்தான். மூன்று நாள் வந்தான், மூன்று நாளும் வேண்டாம் என்றேன். நாலாம் நாள் சால்டரிங் வைத்துச் சேர்த்துக் கொடுத்தேன். மைக் பக்கம் போகக்கூடாது, காலில் ரப்பர் செருப்பு இல்லாமல் கிட்டாரைத் தொடக்கூடாது என்று இரண்டு கட்டளை போட்டேன். பெரிய புத்திசாலி என்று எனக்கு நினைப்பு. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். "ட்ரூப்ப உட்டு எடுத்துட்டாங்கன்னா அப்பறம் எனக்கு தறி சத்தம் மட்டும்தான்க்கா" என்றான்.

செருப்பு

அந்த மாதமே பக்கத்து ஊர் அம்மன் கோயில் ஜாத்திரையில் கச்சேரி. மேடை என்றால் கோயில் எதிரே மண்ணைக் கொட்டி உயர்த்திய திட்டு. தூசி அடங்க அதில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மூன்றாவது பாட்டின்போது அம்மன் ஊர்வலம் வந்து மேடைக்கு நேரே நின்றிருக்கிறது. சாமி எதிரே செருப்போடு நிற்பவர் எங்கள் பக்கம் யார்? பாடகர், தபலாக்காரர் எல்லோரும் கழற்றினார்கள். சேகரும் வாசித்துக்கொண்டே கழற்றிவிட்டான். நானாக இருந்தாலும் கழற்றியிருப்பேன். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம்தான். ரப்பர் செருப்பு என்று நான் சட்டம் பேசியபோது மட்டும் அது என் நினைவுக்கு வரவில்லை.

ஈர மண்ணில் வெறுங்கால், கம்பியில் கசிந்த கரண்ட். இடது கை கம்பிகளை இறுக்கிப் பிடித்தது, பிறகு விடவே இல்லை. கீபோர்டுக்காரர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்.

மறுநாள் காலையில் மாஸ்டர்தான் போனில் இதையெல்லாம் சொன்னார். உயிர் இருக்கிறது, திருப்பதி ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றார். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். "லாஸ்ட் வரைக்கும் ஹம் மாத்திரம் வரலம்மா" என்றார்.

விற்பனைக்கு

இரண்டு மாதம் கழித்துச் சேகர் கடைக்கு வந்தான். இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்றவை மடங்கவில்லை. பேஸ் போயிற்று. அறுந்த இழையை முடிச்சுப் போட முடியாததால் தறியும் போயிற்று. முதலாளி இரக்கப்பட்டுத் துணி மடிக்கிற வேலை கொடுத்திருக்கிறார். கிட்டாரை விற்கப்போகிறான், வாங்குகிறவருக்கு அது வேலை செய்கிறதா என்று தெரியவேண்டுமாம். சொருகிப் பார்த்தோம். வலது கையால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டினான். நான் சுற்றிய பிக்கப் பிரமாதமாகப் பேசியது, இரைச்சலே இல்லை.

அவன் முன்னாலேயே அந்த ஒயரை வெட்டினேன். அதோடு ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்த்திருந்தால் இரைச்சலும் அடங்கும், அடியின் வேகமும் குறையும் என்று அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முன்பே விசாரிக்க எனக்கு நாலு நாள் இருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்லி அழுதேன். அவனுக்குத்தான் சங்கடமாகிவிட்டது. கிட்டாரை வலது தோளில் மாட்டிக்கொண்டு சொன்னான்: "நீ வேணாம்னுதான்க்கா சொன்ன. எங்க வூட்லயும் அப்படித்தான் சொல்லி கீறேன்."

உறவுகளே, நம் தொழிலில் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே செய்து கொடுத்தால், செய்து கொடுத்தது மட்டும்தான் வேலை செய்யும்.